ஆட்டுக்கு ஓர் அனுதாபம்

வட்டுக்கோட்டையில் ஒரு செத்தவீடு. நான் நீர்வேலியில் என் வீட்டு விறாந்தையில் கதிரையைப் போட்டு, போனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்தவர் எங்கள் கந்தோரில் என்னோடு வேலை செய்த ஒருவருடைய மனைவி. நேரே போக வேண்டிய இடம்தான். ஆனால் என் முழங்கால் பஸ் ஏற விடுவதில்லை. ஓட்டோவில் குனிந்து ஏறினால் இறக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். நேரடி ஒளிபரப்பு என்று ஒன்று வந்தது என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உபகாரம்.

மத்தியானம் திரும்பும் நேரம். பின்வளவுக்காரர் வாழைகளுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. போனுக்குள் பறை ஒலித்தது. பிரேதம் வாசற்படலையைத் தாண்டியது, பெண்கள் அதோடு நின்றுவிட்டார்கள், ஒளிபரப்பும் நின்றது.

போன் தன்பாட்டில் அடுத்த படத்தைப் போட்டது. வெள்ளைத் தாள். அதிலே ஒரு கோடு இடமிருந்து வலமாக ஓடியது. அது தரை. பிறகு ஒரு வீடு, ஒரு கொடிக்கயிறு, துணி காயப்போடும் ஒரு மனிசி. கடைசியாக, கழுத்தில் மணி கட்டிய ஓர் ஆடு.

நான் பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்தேன். அந்த ஆட்டை எனக்குத் தெரியும்.

ஆறு நிமிஷம். சத்தமில்லாத, கறுப்பு வெள்ளைக் கேலிச்சித்திரப் படம். எனக்கு ஒன்பது வயதில் ஒரே ஒரு தரம் பார்த்தது. அதன் முடிவு என்ன என்று எனக்கும் என் தம்பி தவத்துக்கும் அறுபது வருஷத்துக்கு மேலாகச் சண்டை. ஆடு கடைசியில் தனியே நின்றது என்பது என் கட்சி. இல்லை, போனதெல்லாம் திரும்பி வந்தது என்பது அவன் கட்சி. அன்று விறாந்தையில் இருந்து கடைசிவரை பார்த்தேன். ஆடு தனியேதான் நின்றது. படம் முடிந்தது.

நான் வென்றுவிட்டேன். எழும்பி நின்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. இந்த வெற்றியின் அருமை தெரிந்த ஆள் உலகத்திலே ஒருவன்தான் இருக்கிறான். அவனோடு நான் கதைத்து நாலு வருஷம்.

படத்துக்குக் கீழே பார்த்தவர்கள் தங்கள் அபிப்பிராயங்களை எழுதியிருந்தார்கள். நூற்றுக்கணக்கில் கிடந்தன. நானும் எழுத நினைத்தேன். இந்தப் படத்தைச் சிறுவயதில் பார்த்தேன், தொண்டைமானாற்றில் பார்த்தேன், என் தம்பி சொன்னது பிழை என்றெல்லாம் நெஞ்சுக்குள் நிறைய வந்தது. எதிலே தொடங்குவதென்று தெரியவில்லை. விரல் எழுதும் பெட்டியைத் தொட்டது, எதையோ அழுத்தியது, அனுப்பியது. கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தபோது ஆட்டின் கீழே என் பெயரில் இப்படிக் கிடந்தது:

‘அன்னாரின் பிரிவுச் செய்தி அறிந்து மிகுந்த துயருற்றேன். அவரது ஆத்மா இறைவன் திருவடியில் சாந்திபெறப் பிரார்த்திக்கிறேன்.’

கைக்குத் தெரிந்த ஒரே வசனம்

வெளியூர் வாசகர்களுக்கு இது விளங்காது, அதனால் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரர் போனில் பார்ப்பது படமும் பாட்டும் அல்ல. செத்தவீடு. கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளை நோர்வேயில் இருப்பான், ஒப்பாரி சொல்ல வேண்டிய சகோதரி அவுஸ்திரேலியாவில் இருப்பாள். அவர்களுக்காகக் கமராக்காரரைப் பிடிக்கிறார்கள். அவர்களுக்காகப் போடுவதை நாங்களும் பார்க்கிறோம்.

பார்த்தால் மட்டும் போதாது. கீழே எழுத வேண்டும். முந்தி செத்தவீட்டுக்குப் போனால் முகத்தைக் காட்டிவிட்டு வருவோமே, அது போல. யார் எழுதினார்கள், யார் எழுதவில்லை என்று எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்த பிறகு ஆறுதலாக இருந்து வாசிக்கிற ஆட்கள் உண்டு. எழுதாவிட்டால் கோபம் வரும்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. ஒரு நல்ல வசனத்தை நானே யோசித்து, பிழை திருத்தி, போனில் சேமித்து வைத்தேன். பெட்டியைத் தொட்டு அழுத்தினால் அப்படியே போய் உட்காரும். கிழமைக்கு இரண்டு மூன்று தரம் பாவிக்கிறேன். போனில் நான் எழுதுகிற வேறு எழுத்து இல்லை. எழுத ஆளில்லை.

ஆட்டின் கீழே போனதை அழிக்கத் தெரியவில்லை. எங்கெங்கோ அமத்திப் பார்த்தேன். வெட்கத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன்.

வெள்ளை வேட்டியில் ஓடிய கோடு

அப்பா கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தார். தொண்டைமானாற்றில் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே அணை வேலை நடந்த காலத்தில் எங்களையும் அங்கே கூட்டிக்கொண்டு போய் வாடகை வீட்டில் வைத்தார். வீட்டுக்குள் எப்போதும் உப்புக் காற்று. அம்மா துவைத்துப் போட்ட சீலைகள் காய்ந்த பிறகும் பிசுபிசுப்பாக இருக்கும்.

ஒருநாள் பின்னேரம் மலேரியா ஒழிப்புக்காரரின் வாகனம் வந்தது. கோயில் வீதியில் இரண்டு மரத்துக்கு நடுவே வேட்டியைக் கட்டி, நுளம்பு எப்படிப் பெருகுகிறது என்று படம் காட்டினார்கள். பிள்ளைகள் நாங்கள் நெளியத் தொடங்கினோம். எழும்பி ஓடாமல் இருக்க இடையிலே ஒரு பழைய கேலிச்சித்திரத்தைப் போட்டார்கள். அதுதான் இந்த ஆடு.

ஆடு கொடியிலே காய்ந்த சட்டையைத் தின்றது. பிறகு காற்சட்டையை. பிறகு கொடிக்கயிற்றையே நூல் இழுப்பது போல உறிஞ்சியது. சனம் சிரித்தது. துணி தோய்த்த மனிசி தடியோடு வந்தாள், தடியையும் தின்றது. வீட்டின் கூரைக்கோடு, சுவர்க்கோடு, யன்னல், கதவு. மனிசி பயந்து படத்தின் ஓரத்தால் ஓடிப் போய்விட்டாள். கடைசியாகத் தரைக்கோட்டையும் ஆடு தின்றுவிட்டது. வெறும் வெள்ளை. நடுவிலே ஆடு.

அது மனிசி போன பக்கம் பார்த்தது. வாயைத் திறந்து கத்தியது. சத்தம் வரவில்லை. கழுத்து மணி ஆடியது, அதற்கும் சத்தம் இல்லை. நான் அழத் தொடங்கினேன். சும்மா கண்ணீர் விடவில்லை. மலேரியா ஐயா மைக்கை வைத்துவிட்டுப் பார்க்கிற அளவுக்குக் குளறி அழுதேன்.

வீட்டுக்கு நடந்து போகும்போது தவம் என் கையைப் பிடித்தான். அவனுக்கு ஆறு வயது.

“அக்கா, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு அழுதனீங்கள். அதாலை கடைசியைப் பாக்கேல்லை. ஆடு ஏவறை விட்டது. சட்டை, கயிறு, வீடு எல்லாம் வாயாலை வந்திட்டுது. மனிசியும் திரும்பி வந்திட்டா.”

“பொய் சொல்லாதை. நான் பாத்தனான்.”

“மூடிக்கொண்டு எப்பிடிப் பாப்பியள்?”

நான் கண்ணை மூடியிருந்தேனா, இல்லையா? எனக்கே தெரியாது. அதனால்தான் சண்டை முடியவில்லை.

ஆடு ஏப்பம் விட்டதா, இல்லையா என்று பள்ளிக்கூடக் காலம் முழுக்கச் சண்டை. நான் வேலைக்குப் போன பிறகும் சண்டை. அவன் கனடாவுக்குப் போன பிறகு வந்த நீலக் கடிதங்களின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: ‘ஆடு ஏவறை விட்டது. மறக்க வேண்டாம்.’ நானும் பதிலில் கிணறு இடிந்தது, கூரை ஒழுகுகிறது, அம்மாவுக்குக் கால் வீக்கம் என்று எல்லாம் எழுதி, அடியில் போடுவேன்: ‘விடவில்லை.’

நடுங்கும் கோடு

நான் முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் கந்தோரில் படவரைஞராக இருந்தவள். காணிப் படம், வாய்க்கால் படம், பாலப் படம். படம் கீறும் சாய்வு மேசைக்கு முன்னால்தான் என் வாலிபம் போனது. கலியாணம் பேசி வந்த இரண்டு மூன்று இடமும் அம்மாவை யார் பார்ப்பது என்ற கேள்வியில் நின்றுவிட்டது. அதைப் பற்றி எனக்குக் குறையில்லை என்று எல்லாருக்கும் சொல்லுவேன். குறை இருக்கிறது.

கோடு கீறிப் பழகியவள் என்பதால், போனில் இரண்டாம் தரம் ஆட்டுப் படத்தைப் பார்த்தபோது என் கண் கோட்டுக்குத்தான் போனது. கோடு நடுங்குகிறது. வீடு சும்மா நிற்கும்போதும் அதன் சுவர் மெல்லத் துடிக்கிறது. ஏனென்று எனக்குத் தெரியும். அசையாத வீட்டையும் ஒவ்வொரு தாளிலும் திரும்பத் திரும்பக் கீறியிருக்கிறார்கள். எவ்வளவு கெட்டிக்காரக் கையானாலும் ஒரே கோட்டை இரண்டாம் தரம் அதே இடத்தில் போடாது.

ஓரிடத்தில் ஆட்டின் கழுத்தில் மணியைப் போட மறந்துவிட்டார்கள். ஒரு கண்வெட்டுத்தான். பிறகு மணி வந்துவிடுகிறது. களைத்துப்போயிருப்பார் என்று நினைத்தேன். யாரோ ஒருவர், எந்த நாடோ, நூறு வருஷத்துக்கு முன்னால், மேசையில் தனியே இருந்து ஆயிரக்கணக்கான ஆடுகளைக் கீறியிருக்கிறார். அவருடைய பெயர்கூட இல்லை. படத்தின் தலைப்புத் துண்டு தொலைந்துவிட்டதாகப் போட்டவர்கள் எழுதியிருந்தார்கள்.

குடும்பத்தார் யார்

நாலு வருஷத்துக்கு முந்தி அம்மா போனபோது தவத்துக்கு நெஞ்சிலே ஒபரேஷன் செய்து மூன்று கிழமை. விமானம் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். தாய்க்கு இளைய மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும், இருப்பதே ஒரு மகன். சித்தப்பாவின் பேரன் வைத்தான். தவம் வராததை நான் பிழை சொல்லவில்லை. ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று இரவு சனம் போன பிறகு செத்தவீட்டுப் படத்தின் கீழே எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக வாசித்தேன். நூறு நூற்றைம்பது பேர். அதற்கு நடுவில் தவத்தின் பெயர். ‘அன்னாரின் பிரிவால் துயருறும் குடும்பத்தாருக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்.’

குடும்பத்தார் யார்? அவனும் நானும்தான்.

உடனே அவனுக்குப் போன் எடுத்தேன். “பெத்த தாய்க்கே அனுதாபம் எழுதிறியோ? ஆருக்குச் சொல்லுறாய், எனக்கோ? நான் என்ன உனக்கு ஊர்ச்சனமோ?” என்று கத்தினேன்.

“அக்கா, நான்…” என்றான்.

“ஒண்டும் சொல்லாதை. இனி எனக்கு எடுக்காதை.”

அவன் மூன்று நாலு தரம் எடுத்தான். நான் தூக்கவில்லை. பிறகு அவனும் விட்டுவிட்டான். அவனுடைய மனைவி பல வருஷத்துக்கு முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது மகளும் வேறு நகரத்துக்குப் போய்விட்டாள் என்பதெல்லாம் மச்சாள் ஒருத்தி மூலம் எனக்கு வரும் செய்திகள். என் செய்தியும் அப்படித்தான் அவனுக்குப் போகும். நாலு வருஷத்தில் பல தரம் போனைக் கையில் எடுத்திருக்கிறேன். ‘நான் ஏன் முதலில் எடுக்க வேணும்’ என்று திரும்ப வைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தால் அது வாடகை கொடுக்காத குடித்தனக்காரர் போல, எழும்பாது.

படலைக்கு வந்தவர்களின் அபிப்பிராயம்

வெற்றியை யாருக்காவது காட்டாமல் இருக்க முடியவில்லை. அடுத்த நாள் காலமை மீன்கார யோகன் மோட்டார் சைக்கிளைப் படலையில் நிறுத்தினான். தொண்டைமானாற்றுக்காரன். விளைமீனைத் தராசில் நிறுத்தபடியே ஆறு நிமிஷமும் பார்த்தான்.

“அக்கா, உப்பிடித் திண்டும் ஆடு மெலிவாத்தானே நிக்குது. பங்கு இறைச்சிக்கு அடிச்சாலும் ஆளுக்குக் காக்கிலோ வராது.”

“கடைசியிலை அது தனிய நிண்டதெல்லோ? பாத்தனீதானே?”

“நிண்டது, நிண்டது. உங்களுக்கு அரைக்கிலோவோ, ஒரு கிலோவோ?”

“ஒரு ஆளுக்கு என்னத்துக்கு ஒரு கிலோ?” என்றேன். அவன் அரைக்கிலோவைச் சுற்றித் தந்துவிட்டுப் போனான்.

பக்கத்து வளவு ராணி வாழையிலை வெட்ட வந்தாள். அவள் வீட்டில் மூன்று ஆடு நிற்கிறது. அவளுக்குப் படம் பார்த்து உண்மையிலேயே கோபம் வந்தது.

“உந்த மனிசியிலைதான் பிழை மாமி. ஆட்டைக் கட்டி, ரெண்டு குழை முறிச்சுப் போட்டிருந்தால் அது ஏன் வீட்டைத் தின்னுது? ஆட்டை வளக்கத் தெரியாட்டி வளக்கப்படாது. பேந்து விட்டிட்டு ஓடுறாவாம்.”

“ஆடு பாவமெல்லோ?”

“பாவம்தான். ஆனால் எல்லாத்தையும் திண்டுபோட்டு ஒருத்தரும் இல்லையெண்டு கத்தினால் ஆர் வருவினம்?”

அவள் ஆட்டைத்தான் சொன்னாள். இலையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அன்று முழுக்க அது காதுக்குள்ளேயே இருந்தது.

மின்சார மீற்றர் பார்க்க வந்தவருக்கும் காட்டினேன். நேரமில்லை என்றவர், வீடு மறையத் தொடங்கியதும் நின்றுவிட்டார். கூரை போய், சுவர் போய், கதவு போனதும், “எங்கடை வீடும் இப்பிடித்தான் அம்மா, இடம்பெயர்ந்து போட்டு வந்து பாக்க அத்திவாரமும் இல்லை” என்றார். அவர் பில் துண்டைக் கிழித்துத் தந்துவிட்டுப் போனார்.

மூன்று பேர் பார்த்தாயிற்று. மூன்று பேருக்கும் ஆடு தனியே நின்றது சாதாரண விஷயம். நான் வென்றதை ஒருவருமே கண்டுகொள்ளவில்லை.

கடல் தாண்டி வந்த பதில்கள்

பின்னேரம் துணிந்து படத்தின் கீழே எழுதியிருந்ததைப் பார்த்தேன். என் அனுதாபத்துக்குக் கீழே வரிசையாகப் பதில்கள். ஐந்தாறு மொழி இருக்கும். மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தினால் ஒருவகைத் தமிழில் வந்தது.

மற்ற அபிப்பிராயங்களையும் அன்றுதான் முழுதாக வாசித்தேன். ஆறு நிமிடம் வீண் என்று ஒருவர். கோடு நடுங்குகிறது, தலை வலிக்கிறது என்று ஒருவர். அவரைக் கூப்பிட்டு மேசையில் இருத்தி ஒரு வீட்டை நூறு தரம் கீறவிட வேண்டும். இது பேராசை பற்றிய படம் என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். ‘என் மகள் சிரிக்கிறாள், நான் அழுகிறேன், யாருக்குப் படம் விளங்கியது?’ என்று ஒரு தாய் கேட்டிருந்தார். அவருக்குப் பதில் எழுத ஆசையாக இருந்தது.

என் வசனத்தின் கீழே இருந்தவை வேறு மாதிரி. ‘இறந்தது யார், ஆடா, வரைந்தவரா?’ என்று ஒருவர். ‘இந்த ஆட்டைப் பார்த்து இவ்வளவு காலம் சிரித்தோம், துக்கம் விசாரிக்க ஒருவருக்குத்தான் தோன்றியிருக்கிறது’ என்று இன்னொருவர். ஒரு பெண், எந்த நாடென்று தெரியவில்லை, இப்படிக் கேட்டிருந்தார்: ‘நீங்கள் யாரையோ இழந்திருக்கிறீர்கள் போல. நலமா?’

நான் வாசித்துவிட்டுப் போனை மடியில் வைத்தேன். நலமா என்று என்னை யாரோ கேட்டு எவ்வளவு காலம். முகம் தெரியாத ஒருத்தி, என் கைபிழைத்துப் போன வசனத்தைப் பார்த்துக் கேட்கிறாள்.

அது கைபிழை மட்டும்தானா என்று யோசித்தேன். அந்தப் படத்தைப் பார்த்து முடித்தபோது எனக்கு நெஞ்சு முட்டச் சொல்ல இருந்தது. ஒன்றும் வாய்க்கு வரவில்லை. கை, தனக்குத் தெரிந்த ஒன்றை எடுத்து வைத்துவிட்டது. துக்கம் இல்லாததால் அல்ல, இருந்ததால்.

நான் ஓர் ஆட்டுக்கு எழுதினேன். தவம் அம்மாவுக்கு எழுதினான். நெஞ்சைத் தைத்துக்கொண்டு, பனி நாட்டில், ஒரு கட்டிலில் படுத்தபடி எழுதியிருப்பான். அதற்கு நான் நாலு வருஷம் தண்டனை கொடுத்திருக்கிறேன். என் மேல் எனக்கு வந்த வெட்கத்தைச் சொல்லத்தான் வேண்டும். மிகவும் வெட்கமாக இருந்தது.

“ஆர் அக்கா?”

பின்னேரம் ஐந்தரை மணிக்குத் தவத்துக்குப் போன் எடுத்தேன். அங்கே விடிந்திருக்கும். மணி இரண்டாம் தரம் அடிக்கும்போதே தூக்கினான்.

“அக்கா? ஆர்?”

ஊரிலிருந்து போன் வந்தால் அங்கே இருப்பவர்கள் முதலில் கேட்பது அதுதான். செத்தது யார் என்பது கேள்வி. அவன் குரல் கிழடாகியிருந்தது. பயந்துபோயிருந்தது.

“ஆர் அக்கா? சொல்லுங்கோ.”

“ஒருத்தரும் இல்லை. எல்லாரும் சுகம். நானும் இருக்கிறன்.”

அவன் மூச்சு விட்டது கேட்டது. “பேந்தேன் எடுத்தனீங்கள்?”

நாலு வருஷமாக எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. “ஆடு அம்பிட்டிட்டுது.”

“ஏவறை விட்ட ஆடோ?” ஒரு கணமும் தாமதிக்காமல் கேட்டான்.

படம் தானாக வந்ததையும், அதற்கு நான் அனுதாபம் எழுதியதையும் சொன்னேன். வசனத்தை முழுதாகச் சொல்லிக் காட்டினேன். அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி அடங்கியது.

“அக்கா, அண்டைக்கு நான்…”

“விடு. எனக்கு இப்ப விளங்கீட்டுது.”

“இல்லை, சொல்லவிடுங்கோ. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகேக்கை நான் பாத்துக்கொண்டிருந்தனான். கீழை எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தினம். நானும் ஏதும் எழுதாட்டி, நான் அங்கை இல்லை எண்டு ஆயிடும் போலை கிடந்தது. என்ன எழுதிறதெண்டு தெரியேல்லை. எனக்கு மேலை ஒருத்தர் எழுதியிருந்ததைப் பாத்து எழுதினன். எழுதிப்போட்டுத்தான் அழுதனான்.”

நான் அழுதேன். அவனுக்குக் கேட்கக் கூடாதென்று கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். பிறகு வழக்கம் போலக் குரலை உயர்த்தினேன்.

“சரி, அதை விட்டிட்டு இதைச் சொல்லு. அந்த ஆடு ஏவறை விடேல்லை. மனிசி திரும்பி வரேல்லை. கடைசிமட்டும் கண்ணைத் திறந்துகொண்டு பாத்தனான். தோத்துப்போனன் எண்டு சொல்லு.”

“எனக்கு அது அப்பவே தெரியும் அக்கா.”

“என்ன தெரியும்?”

“ஆடு தனியத்தான் நிண்டது. நீங்கள் குளறி அழுதியள். எனக்குப் பயமாக் கிடந்தது. அதுக்குத்தான் அப்பிடிச் சொன்னனான்.”

ஆறு வயதுப் பிள்ளை.

“அண்டைக்குச் சொன்னாய், சரி. பேந்தேன் அறுபது வருஷமா அதிலையே நிண்டனீ?”

அவன் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னான். “நீங்கள் கிணத்தைப் பற்றி எழுதுவியள், கூரையைப் பற்றி எழுதுவியள், அம்மான்ரை மருந்துக் குளிசையைப் பற்றிச் சொல்லுவியள். ஆட்டுக்குச் சண்டை பிடிக்கேக்கை மட்டும்தான் அக்கா நீங்கள் என்னோடை கதைச்சனீங்கள். அதையும் நான் விட்டுக்குடுத்தால் பேந்து என்ன கிடக்கு?”

அவன் குற்றமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். உள்ளதைச் சொன்னான். பின்வளவில் மோட்டரை நிறுத்திவிட்டார்கள் போல, வீடு ஒரேயடியாக அமைதியாக இருந்தது. அங்கேயும் அவனைச் சுற்றி ஒரு சத்தமும் இல்லை என்பது அப்போதுதான் எனக்குக் கேட்டது.

“தவம்,” என்றேன். “நீ இப்ப என்ன செய்துகொண்டிருந்தனீ?”

அவன் ஊரை விட்டுப் போய் முப்பத்தைந்து வருஷம். அவனைப் பற்றி நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அது.

“தேத்தண்ணி போட்டுக்கொண்டு யன்னலோடை இருந்தனான் அக்கா,” என்றான். “வேறை ஒருத்தரும் இல்லை.”

அதுவரை நின்றபடியே கதைத்தவள், கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.